யசோதா அக்கா வீட்டு வாசலில் ஒரு பச்சைப் பெட்டி

1

கையில் பிடிக்கிற ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கலாம் என்று போன சனிக்கிழமை கடைக்குப் போனவன், இன்னும் கோபம் ஆறாமல் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஜோக் அடித்தால் மன்னிக்க வேண்டும். கோபம் வந்தால் சிலர் தட்டை எறிவார்கள். எங்கள் வீட்டில் தட்டு நான்தான் கழுவுகிறேன் என்பதால் எனக்கு அந்த வசதி இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் அசோகன். கோலார் தங்கச் சுரங்கத்தில், சாம்பியன் ரீப்ஸ் பக்கம், கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் பிறந்தவன். மாரிகுப்பம் ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய்ப் படித்தவன். மனைவி கலாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்ததால், அவள் பெட்டியோடு இன்னொரு பெட்டியாக ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவன். இங்கே போஹும் என்ற ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிறேன். எங்கள் நைனா கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கப் பாதாளத்துக்கு இறங்கியவர். நான் கேஜுக்கு எண்ணெய் போடுகிறேன். முன்னேற்றம் என்று நினைத்தால் முன்னேற்றம்.

போஹுமும் ஒரு காலத்தில் சுரங்க ஊர்தான். கரிச் சுரங்கம். மூடிவிட்டார்கள். மூடியதோடு விட்டார்களா? தோண்டிக் கொட்டிய கழிவு மலைமேல் மண் போட்டு, புல் போட்டு, மரம் நட்டு, உட்கார பெஞ்சும் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அதன்மேல் ஏறி கேக் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைட் மேட்டின்மேல் இன்னும் ஒரு புல் முளைக்கவில்லை. காற்றடித்தால் மேடு நம் வீட்டுக்கு வருகிறது, சோற்றில் உட்காருகிறது. முதல் தடவை இங்கே அந்தப் பச்சை மலைமேல் ஏறியபோது கலா கேக்கை நீட்டினாள். நான் வாங்கவில்லை. அழகைப் பார்த்து வயிறு எரிந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

2

அந்த மலையில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. யாரோ ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் புதரிலோ கல்லிடுக்கிலோ ஒளித்து வைப்பார். உள்ளே ஒரு சின்ன நோட்டு. அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் கருவியைப் பார்த்துக்கொண்டே தேடிப்போய்ப் பெட்டியைக் கண்டுபிடித்து, நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு? ஒன்றும் கிடையாது. கொஞ்சம் முட்செடிக் கீறல்.

இதை நான் ஆடுவது பெட்டிக்காக அல்ல, மகளுக்காக. சுஜாதாவுக்குப் பதினாலு வயது. திங்கள் முதல் சனி வரை அவள் என்னிடம் பேசுவது ஒரே எழுத்து: 'ம்'. அதையும் ஜெர்மன் உச்சரிப்பில் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டி தேடும்போது மட்டும் "அப்பா, இங்க வாங்க, இந்தக் கல்லு அசையுது" என்று முழு வாக்கியம் வரும். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் நெருஞ்சிக்காட்டில்கூடப் படுத்து எழுந்திருப்பேன்.

செல்போன் போதாதா என்று கலா கேட்டாள். போதாது. குளிரில் பேட்டரி படுத்துவிடும். கையுறையோடு திரையைத் தொட்டால் அது என்னை மனிதனாகவே மதிக்காது. ஆகவே ஒரு நோட்டில் கோடு போட்டுப் பதின்மூன்று மாடல்களை எழுதினேன். பட்டன் உள்ளதா, வெயிலில் திரை தெரியுமா, சாதாரண பேட்டரி போடலாமா, எத்தனை மீட்டர் பிசகும்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப கூட நீங்க இவ்ளோ யோசிக்கல."

"அப்ப ஒரு மாடல்தான காமிச்சாங்க."

"எனக்கும் அன்னிக்கு ஒண்ணுதான் காமிச்சாங்க. மாத்தித் தர கடைதான் கிடைக்கல."

சனிக்கிழமை காலை நானும் சுஜியும் கடைக்குப் போனோம். கடைப் பையன் ரொம்ப மரியாதையானவன். என் ஜெர்மனைத் துடைத்து எடுத்துக்கொண்டு, "குடும்பத்தோடு தேடப் போக ஒரு கருவி வேண்டும்" என்று சொன்னேன். அவன் முகம் மாறியது. சுஜி தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் சொன்னது, "தொலைந்துபோன என் குடும்பத்தைத் தேடக் கருவி வேண்டும்" என்று விழுந்திருக்கிறது. "எவ்வளவு நாளாகக் காணவில்லை?" என்று அவன் மெதுவாகக் கேட்டான். அதற்குப் பிறகு வியாபாரத்தை சுஜி எடுத்துக்கொண்டாள். இருவரும் வேகமாகப் பேசிச் சிரித்தார்கள். நான் பதின்மூன்று மாடல் நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

மஞ்சள் நிறத்தில் ஒன்று, பெரிய திரையோடு ஒன்று, பட்டன் வைத்த சின்னது ஒன்று என்று மூன்றை எடுத்து வைத்தான். எல்லாம் மூன்று மீட்டருக்குள் காட்டுமாம். மூன்று மீட்டர் என்றால் இங்கே ஒரு புதர். நம் லைனில் அதுதான் ஒரு வீட்டின் அகலம். மூன்று மீட்டர் பிசகினால் யசோதா அக்காவின் சமையலறை பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் மாமாவுக்குப் போய்விடும். அதைச் சொல்லி நானே சிரித்தேன். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

அந்த யோசனையில்தான், "நம்ம ஊரைக் காட்டுதான்னு பாரு சுஜி" என்றேன்.

3

கருவியில் ஐரோப்பா வரைபடம் மட்டும்தான் உண்டு, மற்ற நாடுகளுக்குப் பெரிய சாலைகள் மட்டும் இருக்கும் என்று பையன் முன்னாலேயே சொல்லிவிட்டான். சுஜி பட்டனை அழுத்தி அழுத்திக் கோலார் பக்கம் போனாள். வெள்ளை. சாம்பியன் ரீப்ஸ் வெள்ளை, நந்திதுர்க் வெள்ளை, ஸ்டேஷன் வெள்ளை. சரி, கருவி வாங்குகிறவன் ஐரோப்பாக்காரன், அவனுக்கு எதற்கு நம் ஊர் என்று மனதைத் தேற்றினேன். பிறகு சுஜி தன் செல்போனைக் கருவியோடு இணைத்தாள். விளையாட்டுப் பெட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது அதன் வழியாகத்தான் கருவிக்குள் இறங்கும்.

வெள்ளைக்கு நடுவே ஒரு குட்டிப் பச்சைப் பெட்டி வந்து உட்கார்ந்தது.

ரோடு இல்லை, ரயில் இல்லை, மனுஷன் இல்லை. பெட்டி மட்டும் இருந்தது.

சுஜி அதைத் தொட்டாள். படத்தோடு குறிப்பு விரிந்தது. 'பேய் ஊரின் கடைசிக் கதவு' என்று ஆங்கிலத்தில் தலைப்பு. வைத்தவர் பெங்களூர்க்காரர். சுரங்கம் மூடிய நாளிலிருந்து இங்கே யாரும் வசிப்பதில்லையாம். மௌனம் பேசுமாம். கதவுக்கு இடதுபக்கம் இருக்கும் துவைகல்லின் அடியில் கைவிட்டுப் பார்க்க வேண்டுமாம். தைரியம் இருந்தால் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கலாமாம்.

படத்தில் இருந்தது யசோதா அக்காவின் கதவு.

அக்கா என்றால் என் கூடப் பிறந்த அக்கா. அறுபது வயது. அவள் கணவர், எங்கள் மாமா, இறந்த பிறகும் அந்த லைன் வீட்டை விட்டு நகராதவள். அந்தக் கதவின் நீலம் நான் அடித்த பெயின்ட். கீழே அரை அடிக்குப் பெயின்ட் போதாமல் பச்சை அடித்தேன். உலகத்தில் வேறு எந்த முட்டாளும் அப்படி அடித்திருக்க மாட்டான்.

கீழே, பெட்டியைக் கண்டுபிடித்தவர்கள் எழுதிய வரிகள். ஒருவர்: "உள்ளே ஏதோ அசைந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது!" அசைந்தது அக்கா. குழம்பு தாளித்துக்கொண்டிருந்திருப்பாள். இன்னொருவர்: "எங்கிருந்தோ ஒரு பாட்டி தோன்றி டீ கொடுத்தார். மறக்க முடியாத அனுபவம்."

எங்கிருந்தோ அல்ல. வீட்டுக்குள்ளிருந்து. அடுப்பு, பால், சர்க்கரை, டம்ளர் எல்லாம் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. பேய் ஊரில் பால் பாக்கெட் யார் போடுகிறார்கள் என்று ஒரு பிரகஸ்பதிக்குமா தோன்றவில்லை? டீயை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாரும் வசிக்காத ஊர் என்று எழுத எத்தனை வருஷம் படிக்க வேண்டும்?

நியாயமாகப் பேசினால் என்னையும் திட்ட வேண்டும். போன வருஷம் இங்கே ஒரு பெட்டியைத் தேடி, பழைய சுரங்கத் தொழிலாளர் காலனியில் ஒரு வீட்டு ஜன்னலில் நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு கிழவர் பனியனோடு சூப் குடித்துக்கொண்டிருந்தார். நாயை அவிழ்த்துவிட்டார். அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அதோடு, வேலை செய்யும் இடத்தில் எந்த ஊர் என்று கேட்டால், விளக்கச் சோம்பல்பட்டு, "தங்கச் சுரங்கம் இருந்தது, இப்போது செத்த ஊர்" என்பேன். உச்சுக்கொட்டுவார்கள், இன்னொரு துண்டு கேக் வைப்பார்கள். அக்கா உயிரோடு இருக்க, ஊரைக் கொன்று கேக் தின்றவன் நான். பெங்களூர்க்காரர் என் வசனத்தைத்தான் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்.

4

கடையிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே மத்தியானம்.

"அக்கா, உன் வாசலாண்ட யாராவது வராங்களா? கையில மிஷின் வச்சிக்கினு?"

"வராங்களாவா? ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழம வராங்க. சர்வேகாரங்க. உனக்கு யாரு சொன்னது?"

"சர்வேயா?"

"பின்ன இன்னா? மிஷினப் பாத்துக்கினு தலைய குனிஞ்சிக்கினு, நாலடி இப்பிடி நாலடி அப்பிடின்னு நடக்கறாங்க. சர்வேகாரன் இல்லாத எவன்டா அப்பிடி நடப்பான், குடிகாரனா? எல்லாம் சின்னப் பசங்க. மரியாதையான பசங்க. டீ போட்டுக் குடுத்தேன். ரெண்டு பொண்ணுங்களுக்கு பிஸ்கட்டும் குடுத்தேன்."

நீங்கள் சிரிக்கலாம், உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நம் லைனில் வாழ்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். வீடு கம்பெனி வீடு. கம்பெனி போய்விட்டது, வீடு நிற்கிறது. வீட்டை உங்கள் பெயருக்கு எழுதித் தருகிறோம் என்று அரசாங்கத்தில் எத்தனையோ வருஷமாகச் சொல்கிறார்கள். நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, கையில் கருவியோடு நம் தெருவுக்கு வந்தவன் ஒவ்வொருவனும் அளக்க வந்தவன்தான். விளையாட வந்தவன் என்று ஒருவன் உண்டு என்பது அக்காவுக்கு எப்படித் தெரியும்?

"கல்லுக்கு அடியில ஒரு பொட்டி இருந்திச்சே, பாத்தியா அக்கா?"

"பாக்காம? ஆபீஸ்காரங்க மழைக்குப் பத்திரமா வச்சிட்டுப் போய்கீறாங்க. உள்ள நோட்டு. வந்தவங்கெல்லாம் பேரு, தேதி, கையெழுத்து போட்டுகிறாங்க. சரி, அட்டெண்டன்ஸு போல கீது, நாமளும் எழுதிடலாம்னு எழுதிட்டேன். வீட்டு நம்பரு, உங்க மாமா பேரு, டோக்கன் நம்பரு, எத்தினி வருசமா கீறோம், எல்லாம். அப்பால கன்னியப்பன் மாமா வந்து எழுதினாரு. அதப் பாத்துட்டு லைனு பூரா வந்துட்சி. இருவத்திரெண்டு வீடு. யாரு மொதல்லன்னு ஒரே சண்ட."

டோக்கன் நம்பர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சுரங்கத்துக்குள் இறங்குமுன் ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். ஏறி வந்ததும் திருப்பித் தர வேண்டும். தராத வில்லைக்கு உரியவன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கம் மூடிய பிறகும் நம்மவர்கள் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் அந்த நம்பரையும் எழுதுகிறார்கள். கணவன் போய்விட்டால் மனைவி எழுதுகிறாள். நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்பதற்கு அவர்களிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

"நல்லவேள, அதோட முடிஞ்சிது" என்றாள் அக்கா. "ஸ்கூல்ல ஒரு முகாம் போட்டுகிறாங்க, ஊட்ட எழுதிக் குடுக்கறதுக்கு பேரு எடுக்கறாங்களாம். திங்கக்கிழம கடைசி. மத்த லைன்காரங்க வெயில்ல நிக்கறாங்க, பாவம். நாங்க யாரும் போவல. நம்ம லைன்தான் எழுதிக் குடுத்தாச்சே."

இருபத்திரண்டு வீடுகள் உண்மையான முகாமை விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பெட்டியை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கின்றன. இன்னும் இரண்டே நாள். அதில் ஒன்று ஞாயிறு.

"அக்கா. அது சர்வே இல்ல."

"பின்ன?"

"வெளையாட்டு. பொட்டிய ஒளிச்சி வச்சி, தேடிக் கண்டுபுடிக்கறது."

அந்தப் பக்கம் அக்கா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"பெரியவங்களா வெளையாடறாங்க?"

"ஆமா."

"நீ?"

பொய் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் சுஜி நின்றாள்.

"நானும்தான். அதுக்கு மிஷின் வாங்கத்தான் இப்பக் கடையில நிக்கறேன்."

"வாங்கு சாமி" என்றாள் அக்கா. "நல்லதா பாத்து வாங்கு. அடுத்தவங்க ஊட்டு உள்ள இருக்கறவங்களும் தெரியற மாதிரி மிஷினு இருந்தா கேட்டு வாங்கு." போனை வைத்துவிட்டாள்.

நான் கடை வாசலுக்கு வந்து நின்றேன். ஏதாவது வாங்குகிற மனநிலை போய்விட்டது. சுஜி மட்டும் உள்ளே திரும்பிப்போய் அந்தப் பையனிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "வரைபடத்தில் இல்லாத இடத்தை நானே எழுதிச் சேர்க்க எந்தக் கருவி வேண்டும்?" எதிலும் முடியும், இந்தச் சின்னதில்கூட முடியும் என்றிருக்கிறான். பட்டன் வைத்த அந்தச் சின்னதை வாங்கிக்கொண்டு வந்தாள். என் பதின்மூன்று மாடல் ஆராய்ச்சியில் இந்தக் கேள்விக்குக் கட்டமே போடவில்லை.

5

திங்கட்கிழமை நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். கோபம் தீராமலே சொன்னாள், அதனால் விவரமாகச் சொன்னாள்.

ஞாயிறு முழுக்க வீடு வீடாகப் போய், நாம் எழுதிக் கொடுத்தது சர்வே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். கன்னியப்பன் மாமா நம்பவில்லை. "நான் கையெழுத்து போட்டப்ப அந்தப் பையன் தேங்க்ஸ் சொன்னான். வெளையாடறவன் எதுக்கு தேங்க்ஸ் சொல்றான்?" என்று கேட்டிருக்கிறார். எண்பது வயது, அவரை நாற்காலியோடு தூக்கிப்போகிறேன் என்று மிரட்டித்தான் கிளப்பியிருக்கிறாள்.

திங்கள் காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஸ்கூல் வாசலில். அக்கா கையில் அந்தப் பச்சைப் பெட்டி. மேஜைக்கு முன்னால் வந்ததும் அதைத் திறந்து நோட்டை வைத்திருக்கிறாள். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பட்டியலை யார் எடுத்தது என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறார். வெளியூர்ப் பசங்கள் எழுதிய ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நான்கு ஆங்கில எழுத்துகள். 'பெட்டிக்கு நன்றி' என்பதன் சுருக்கம் அது. எந்த டிபார்ட்மென்ட் இது, எனக்கு சர்க்குலர் வரவில்லையே என்று அவர் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டாராம். அவருக்கும் தெரியவில்லையாம். இரண்டு பேரும் கொஞ்சம் பயந்ததாக அக்கா சொல்கிறாள்.

"உங்க வேலைய எவனோ வெளையாட்டா செஞ்சிட்டுப் போய்கீறான் சார்" என்று அக்கா கன்னடத்தில் சொல்லியிருக்கிறாள். "நீங்க வேலையா ஒருவாட்டி செய்யுங்க."

நோட்டு செல்லாது, ஆளுக்கொரு விண்ணப்பம் எழுத வேண்டும் என்றார்கள். அதையும் எழுதினார்கள். விவரமெல்லாம் நோட்டில் வரிசையாக இருந்ததால் எழுதுவது சுலபமாயிற்று. சாயங்காலம் மூடுவதற்குள் இருபது வீட்டு விண்ணப்பம் உள்ளே போய்விட்டது. இரண்டு வீட்டுக்காரர்கள் ஓசூரில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் கதி என்ன என்று கேட்டதற்கு, "அடுத்த முகாம்" என்றார்களாம். அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு, "ஆயித்து, ஹோகி", முடிந்தது, போங்கள்.

அக்காவின் கையில் இப்போது ஒரு ரசீது இருக்கிறது. 'பெறப்பட்டது' என்று மட்டும் போட்டிருக்கிறதாம். என்ன பெறப்பட்டது, யாரிடமிருந்து, எதற்காக என்றெல்லாம் இல்லை.

6

இதற்குள் சுஜி தனியாக ஒரு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சனிக்கிழமையே அந்தக் குறிப்பின் கீழே எழுதிவிட்டாள்: இது பேய் ஊர் அல்ல, இங்கே இருபத்திரண்டு குடும்பங்கள் இருக்கின்றன, இந்தக் கதவு என் அத்தையுடையது, தயவுசெய்து பெட்டியை எடுத்துவிடுங்கள். பெங்களூர்க்காரரிடமிருந்து பதில் வந்தது. உனக்கு இந்த இடம் தெரியும் என்பது மகிழ்ச்சி, ஆனால் இப்படி எழுதினால் மற்றவர்களுக்கு அந்தச் சூழலின் சுவை கெட்டுப்போகும், ஆகவே உன் வரிகளை நீக்கிவிட்டேன்.

இருபத்திரண்டு குடும்பம் இருந்தால் சுவை கெடுகிறது. படித்ததும் எனக்கு ஜோக்கே வரவில்லை. வராதது எனக்கே பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சுஜி விளையாட்டை நடத்தும் தளத்துக்கே புகார் எழுத உட்கார்ந்தாள். படிவத்தில் முதல் கேள்வி: 'நீங்கள், அல்லது யார் சார்பில் எழுதுகிறீர்களோ அவர், இந்த இடத்தின் உரிமையாளரா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். 'இல்லை'யை அமுக்கினால், உரிமையாளர்கள் மட்டுமே கோரலாம், மற்றவர்கள் பெட்டி வைத்தவரிடமே பேசிக்கொள்ளவும் என்று வந்து நின்றது. ஜெர்மனியில் ஒரு மரத்தடியில் பெட்டி வைக்க வனத்துறையிடம் அனுமதி கேட்டு நான் மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். அக்கா வாசலில் வைக்க ஒருவனும் ஒருத்தரையும் கேட்கவில்லை. எடுக்கச் சொல்வதற்கு மட்டும் பத்திரம் வேண்டும்.

சுஜி அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவளாக அத்தைக்குப் போன் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அத்தை, ஒரு கேள்வி. நீங்க அந்த வீட்டுக்கு ஓனரா?"

"யாரு கண்ணு கேக்கறது?"

"இங்க ஒரு ஃபார்ம்ல கேக்குது."

"எல்லா ஃபார்ம்லயும் அதத்தான் கேக்கறானுங்க" என்றாள் அக்கா. "கல்யாணமாயி வந்ததுலேர்ந்து இங்கதான் கீறேன். ரெண்டு புள்ளய இங்கதான் பெத்தேன். உங்க மாமாவ இந்த வாசல்லேர்ந்துதான் தூக்கினு போனாங்க. ஆனா சீட்டு இல்லம்மா. கேட்டா இல்லன்னுதான் சொல்லணும்."

என் மகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஈ காக்கை இல்லாத தெருவில் சிவப்பு விளக்குக்கு நிற்பவள். ரயிலில் நான் அவள் வயதைக் குறைத்துச் சொன்னபோது டிக்கெட் பரிசோதகரிடம் திருத்திச் சொன்னவள். அவளிடம் நான், "இல்லைன்னு போட்டுட்டு, கீழ விளக்கம் எழுதலாமா?" என்று ஆரம்பித்தேன். அவள் 'ஆம்' கட்டத்தை அமுக்கி அனுப்பிவிட்டாள்.

"சுஜி, அது பொய்யாயிடாதா?"

"ஆகாது" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

மறுநாள் பதில் வந்தது. அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்: "உரிமையாளரின் கோரிக்கையை ஏற்று, இந்தப் பெட்டி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. உரிமையாளருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"இன்னொருவாட்டி படி."

படித்தேன்.

"ஓனருன்னே போட்டுகிறானா?"

"ரெண்டு எடத்துல போட்டுகிறான்."

"இங்கிலீஷ்லயா?"

"இங்கிலீஷ்லதான்."

"சீலு கீதா?"

"சீலு இல்ல அக்கா. கம்ப்யூட்டர்ல வந்தது. மேல ஒரு பொட்டி படம் மட்டும் கீது."



"பரவால்ல. கலர்ல பிரிண்ட் போட்டு அனுப்பு. அந்த ரசீதோட சேத்து வைக்கறேன்."